பருந்து முன்னே, கிளைடர் பின்னே

காலை பத்து மணிக்கு மேல் ஆம்பூரில் பாலாற்றுப் பாலத்தின் மீது ஒரு பத்து நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். கரும்பருந்துகள் வட்டமிட்டுக் கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். அது எத்தனை தடவை இறக்கையை அடிக்கிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் உங்கள் எண்ணிக்கை பூச்சியத்திலேயே நிற்கும். இறக்கை அசையவில்லை. ஆனால் பருந்து மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறது!

நம் ஊர்ப்பக்கம் பருந்தைப் பார்த்தால் யாரும் வியப்பதில்லை. இறைச்சிக் கடைக் கழிவும், டேனரியில் தோலின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுத்த சதைச் சவ்வும் எங்கே கொட்டப்படுகின்றனவோ அங்கே பருந்து வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். "அழுக்கு இருக்கும் இடத்துப் பறவை" என்று முகம் சுளிப்போம். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்த ஊரிலும் இதே கதைதான்.

இந்தப் பறவை நமக்குக் கற்றுத்தரக் கூடிய பௌதிகம், பாடப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்துக்குக் குறைந்ததல்ல என்பது என் கட்சி. அதைக் கற்பதற்கு ரேடியோவினால் இயக்கப்படும் மாதிரிக் கிளைடர் ஒன்று மிகச் சிறந்த கருவி என்பதும் என் கட்சி. ஆனால் அந்தக் கருவியைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஏணி இல்லாத மாடி

பருந்து எப்படி ஏறுகிறது? கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். இறக்கையை விரித்து அசையாமல் இருக்கும் பருந்தும் ஒரு கிளைடர்தான். அசையாத காற்றில் எந்தக் கிளைடரும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இறக்கையை விரித்த பருந்து நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்குகிறது, கணக்குக்காக 0.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது தரையைப் பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்று மணல், டேனரிகளின் தகரக் கூரைகள், தோல் காயப்போடும் களங்கள், மொட்டைப் பாறைக் குன்றுகள் ஆகியவை வெயிலில் விரைவில் சூடாகின்றன. தென்னந்தோப்பும் ஏரி நீரும் அவ்வளவு விரைவில் சூடாவதில்லை. சூடான தரையை ஒட்டிய காற்று விரிந்து லேசாகி, சுற்றியுள்ள காற்றைத் துளைத்துக்கொண்டு தூண் போல மேலே எழுகிறது. எழும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. சுற்றுப்புறக் காற்றைவிட அது சூடாக இருக்கும் வரை ஏற்றம் நிற்காது. இதைத்தான் வெப்பத்தூண் என்கிறோம். கிளைடர் ஓட்டுபவர்கள் 'தெர்மல்' என்பார்கள்.

அந்தத் தூணில் காற்று நொடிக்கு 2 மீட்டர் ஏறுகிறது என்று கொள்வோம். பருந்து அதற்குள் நொடிக்கு 0.8 மீட்டர் இறங்குகிறது. மிச்சம் 1.2 மீட்டர் லாபம். ஐந்து நிமிடத்தில், அதாவது 300 நொடியில், 360 மீட்டர் உயரம்! ஓடும் மின்தூக்கிக்குள் ஒருவர் மெதுவாகப் படியிறங்கினால் என்ன ஆகுமோ அதுதான் இது. உயரம் சேர்ந்த பிறகு பருந்து வட்டத்தை விட்டு நேராகச் சறுக்கும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் பத்து மீட்டர் முன்னேறினால், அந்த 360 மீட்டர் உயரம் 3.6 கிலோமீட்டர் இலவசப் பயணம் ஆகிறது. எதிரில் இன்னொரு தூண் கிடைத்தால் மறுபடியும் ஏற்றம்.

என் வகுப்பில் ஒரு பெண், "சார், டேனரிக் கூரை மேலே பருந்து சுத்த ஆரம்பிச்சா எங்க அப்பாவுக்கு டீ நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தமாம்" என்று சொன்னாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தத் தகப்பனார் படிக்காத வானிலை விஞ்ஞானி என்றே எனக்குத் தோன்றியது.

ஆக்ராவில் ஒருவர், சிம்லாவில் ஒருவர்

அதே கவனிப்பை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆக்ராவில் ஒருவர் ஒழுங்காகச் செய்தார். அவர் பெயர் எர்னஸ்ட் ஹான்கின். அவர் அரசாங்க இரசாயனப் பரிசோதகர். கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் மடிவதை 1896-இல் எழுதியவரும் அவரே. பருந்துகளையும் பாறுகளையும் (பிணந்தின்னிக் கழுகுகளை) நாள் தவறாமல் கவனித்து, 1913-இல் பிராணிகளின் பறத்தலைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அவர் கண்ட உண்மைகளில் ஒன்று மிக எளியது. காலையில் முதலில் பருந்துகள் வட்டமிடத் தொடங்குகின்றன. பாறுகள் அதற்குப் பிறகே கிளம்புகின்றன. பருந்து உடல் லேசானது. இறக்கையின் பரப்பு எடைக்குத் தாராளமானது. எனவே பலவீனமான காலைக் காற்றே அதற்குப் போதும். பாறு கனமானது. காற்று வலுக்கும் வரை அது காத்திருக்க வேண்டும். காற்றுக்குள் ஏதோ ஒரு தனி ஆற்றல் ஒளிந்திருப்பதாக ஹான்கின் நினைத்தது தவறாகப் போயிற்று. ஆனால் அவர் குறித்த நேரங்கள் தவறாகப் போகவில்லை. விஞ்ஞானத்தில் விளக்கம் மாறலாம். நேர்மையாக எழுதிய குறிப்பு மாறாது.

1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கரும் இந்தப் பறவைகளிடம் மனத்தைப் பறிகொடுத்தவர். பருவமழையையும் பசிபிக் கடலையும் இணைத்த அந்தக் கணித மேதை, இறக்கை அடிக்காமல் பறக்கும் வெப்பமண்டலப் பறவைகளைக் கொண்டு மேல்காற்றின் போக்கை அறியலாம் என்று எழுதினார்.

இந்த இருவரும் பறவையைத் தரையில் நின்று பார்த்தவர்கள். கூடவே பறந்து பார்த்தவர் காலின் பென்னிகுவிக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளியில், சிறு எஞ்சின் பொருத்திய கிளைடரில் ஏறி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாறுகளோடு பறந்தார். அவை எவ்வளவு வேகத்தில் சறுக்குகின்றன, எங்கே வட்டமிடுகின்றன என்பவற்றையெல்லாம் அவற்றின் பக்கத்திலிருந்தே அளந்தார்.

மாதிரிக் கிளைடர் எதற்கு?

மனிதன் ஏறும் கிளைடர் இருக்கும்போது மாதிரிக் கிளைடர் எதற்கு என்று கேட்கலாம். விடை ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. வட்டமிடும் எந்தப் பொருளுக்கும் வட்டத்தின் ஆரத்தைக் கண்டுபிடிக்கலாம். வேகத்தின் வர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தையும் சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட்டையும் பெருக்கி, அதனால் வகுங்கள். பருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 30 டிகிரி சாய்ந்து சுற்றினால் ஆரம் ஏறக்குறைய 18 மீட்டர். மனிதன் ஏறிய கிளைடர் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் அதே சாய்வில் சுற்றினால் ஆரம் ஏறக்குறைய 110 மீட்டர். வேகம் இரண்டரை மடங்கு. வட்டமோ ஆறு மடங்குக்கும் மேல்!

காலை வேளையின் வெப்பத்தூண்கள் ஒடுங்கியவை. பெரிய கிளைடருக்கு அவற்றில் இடமில்லை. ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் இறக்கை கொண்ட மாதிரிக் கிளைடரோ ஏறக்குறைய பருந்தின் அளவு, ஏறக்குறைய பருந்தின் வேகம். பருந்து நுழையும் இடத்தில் அதுவும் நுழையும். பருந்து படிக்கும் பாடத்தை அதே பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வல்ல கருவி அது ஒன்றுதான்.

அது வெறும் விளையாட்டல்ல என்பதற்கு ஒரு சான்று. 2018-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கலிபோர்னியாவில் 2 மீட்டர் இறக்கை கொண்ட ஒரு கிளைடருக்குள் சிறு கம்ப்யூட்டரை வைத்து, தவறு செய்து செய்து தானே கற்கும்படி விட்டார்கள். சில நாள் பறத்தல்களைக் கொண்டே வெப்பத்தூணில் ஏறும் வழியை அது கற்றது. அதற்குத் தேவைப்பட்ட செய்திகள் இரண்டே. காற்றின் ஏற்றம் கூடுகிறதா, குறைகிறதா? இடது இறக்கையை அதிகமாகத் தூக்குகிறதா, வலது இறக்கையையா? பருந்தும் இவற்றைத்தான் உணர்கிறதோ என்று விஞ்ஞானிகள் ஊகிக்கிறார்கள்.

"இதற்கெல்லாம் பணம் வேண்டுமே" என்பீர்கள். உண்மைதான். கையடக்க ரேடியோப் பெட்டி, ஏற்பி, வால் சிறகுகளைத் திருப்பும் இரண்டு சிறு மோட்டார்கள், பாட்டரி எல்லாம் சேர்ந்தால் ஒரு மாணவன் தனியாக வாங்கக் கூடியதல்ல. ஆனால் ஒரு பள்ளிக்கு ஒன்று போதும். அதற்கும் முன்னால் தெர்மகோல் தகட்டிலிருந்து கையால் எறியும் கிளைடரை வெட்டிப் பழகலாம். மூக்கில் களிமண் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று அதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இரவு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் பகுதிக்கு அது பெருமை. அதே மலையடிவாரத்துப் பிள்ளைகள் பகல் வானத்தைப் பார்க்க ஒரு கிளைடராவது வேண்டாமா?

நான் செய்த தவறு

இனி என் தவறைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஏப்ரல் மாதம், ஆற்று மணலில் மாணவர்களோடு கிளைடரைப் பறக்கவிட்டேன். உயரத்தில் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. "அதன் பக்கத்தில் விடுங்கள் சார்!" என்று பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். எனக்கும் ஆசை. விட்டேன். இரண்டு சுற்று அழகாகச் சுற்றின. மூன்றாவது சுற்றில் எங்கிருந்தோ இன்னொரு பருந்து கல் விழுவதைப் போல மேலிருந்து இறங்கி, கிளைடரின் இறக்கையை உதைத்தது. கிளைடர் சுழன்று மணலில் விழுந்தது. இறக்கை இரண்டாக முறிந்தது.

பிள்ளைகள் பருந்தைத் திட்டினார்கள். ஆனால் கரையோரத்து மரத்தில் அதன் கூடு இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். நம் நாட்டில் பருந்துகள் குளிர்காலக் கடைசியில் கூடு கட்டி, மழைக்காலத்துக்கு முன் குஞ்சுகளைப் பறக்கவிடுகின்றன. வெப்பத்தூண்கள் வலுவாக இருக்கும் மாதங்களும் அவையே! பருந்தின் மேல் தவறில்லை. அதன் வீட்டு வாசலில் நாங்கள்தான் பட்டாசு கொளுத்தினோம். பருந்தின் காலோ இறக்கையோ முறிந்திருந்தால் அதற்கு ஒட்டுப்போடப் பசை உண்டா?

அன்று முதல் சில விதிகளைக் கடைப்பிடிக்கிறேன். கூடு உள்ள மரங்களை முதலில் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றின் அருகே கிளைடர் போகக் கூடாது. பறவையைத் துரத்தக் கூடாது. மனிதர் ஓட்டும் கிளைடர்களுக்கு உலகெங்கும் ஒரு மரியாதை உண்டு. ஒரு வெப்பத்தூணில் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருபவரும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். நம் தூணில் முதலில் நுழைந்தவர் பருந்துதான். அது இடம் சுற்றினால் நாமும் இடம். அது விலகினால் நாம் பின்தொடரக் கூடாது. அது நம்மை நோக்கி வந்தால், தூணை அதற்கு விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும்.

சட்டமும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். தடையற்ற பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். கிளைடர் எப்போதும் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அரக்கோணத்தில் கடற்படை விமானதளமும், வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் விமானநிலையமும் இருப்பதால், பறக்கவிடும் இடம் எந்த மண்டலம் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது கட்டாயம்.

"மாதிரிக் கிளைடரால் பருந்துக்குக் கெடுதல் என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவருக்கு நம் பாலாற்றையே காட்டினேன். டேனரிக் கழிவினால் இந்த ஆறும் கிணறுகளும் கெட்டது குறித்த வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. தீங்கு முழுவதும் நிரூபணமாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இராதே என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்புக்குக் காரணமான ஊர்க்காரர்கள் நாம். நமக்கே அது மறந்தால் எப்படி?

காணாமற்போன பறவை

ஹான்கின் ஆக்ராவில் இரண்டு பறவைகளைக் கவனித்தார். நான் ஆம்பூரில் ஒன்றைத்தான் சொன்னேன். இன்னொன்று எங்கே?

தோலுக்கும் பாறுக்கும் பழைய உறவு உண்டு. இறந்த மாட்டின் தோல் பதனிடுபவருக்கு, இறைச்சி பாறுகளுக்கு, எலும்பு எலும்பு பொறுக்குபவருக்கு என்று ஊருக்கு வெளியே ஒரு பங்கீடு நடந்து வந்தது. ஒரு செத்த மாட்டைப் பாறுக் கூட்டம் சிறிது நேரத்தில் வெறும் எலும்பாக்கிவிடும். நாற்றம் இல்லை, நோய் இல்லை, கூலியும் இல்லை. செங்கற்பட்டுப் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் இரண்டு கழுகுகள் வந்து சோறு உண்டதைத் தாத்தா பாட்டிமார் கண்ணால் கண்டிருப்பார்கள். அந்த வருகையும் 1990-களின் கடைசியில் நின்றுபோயிற்று.

கால்நடைகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்தே காரணம் என்று 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மருந்து உடலில் இருக்கும்போது மாடு இறந்தால், அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று பாறுகள் பெரும்பாலும் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் மிஞ்சியுள்ளன. இதற்குத் தோல் தொழில் காரணம் அல்ல. ஆனால் அந்தப் பங்கீட்டில் ஒரு பங்காளி செத்துப்போனதை மற்றொரு பங்காளி கவனிக்கவே இல்லை.

இந்த அழிவு எப்படித் தெரியவந்தது தெரியுமா? ராஜஸ்தானில் பரத்பூர்ப் பறவைகள் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர் 1980-களில் பாறுகளையும் அவற்றின் கூடுகளையும் எண்ணி எழுதிவைத்திருந்தார். 1990-களில் மறுபடி எண்ணியபோது எண்ணிக்கை சரிந்திருந்தது. பழைய எண்ணிக்கை இல்லாதிருந்தால், "முன்பு நிறைய இருந்தது போலிருக்கிறது" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். நம் பாலாற்றங்கரையில் பாறுகள் எத்தனை இருந்தன, எந்த ஆண்டில் மறைந்தன? சொல்ல நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகமாவது உண்டா?

ஆகவே, முதலில் செய்ய வேண்டிய வேலை என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான்: கிளைடருக்கு முன் நோட்டு. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒரு நாள், இவற்றை எழுதுங்கள்: முதல் பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிடத் தொடங்கிய நேரம், அப்போதைய வெப்பநிலை, மேகம் உண்டா இல்லையா, அது எந்தக் கூரைக்கு அல்லது எந்த மணல்திட்டுக்கு மேல் சுற்றியது, இடமா வலமா, மொத்தம் எத்தனை பருந்துகள். செருப்பே போடாத மாணவனும் இதைச் செய்யலாம். ஓர் ஆண்டு எழுதிய பள்ளிக்குத்தான் கிளைடர் தரவேண்டும் என்பது என் கருத்து. எந்த நேரத்தில், எந்த இடத்தில் கிளைடரை விட்டால் ஏறும் என்பது அப்போது அந்த நோட்டிலேயே இருக்கும். கிளைடர் ஏறினால் நோட்டு சொன்னது சரி. ஏறாவிட்டால் ஏன் என்று யோசிக்கலாம். பரிசோதனை என்பது அதுதானே?

ஒருநாள் உங்கள் கிளைடரும் ஒரு பருந்தும் ஒரே தூணில், ஒரே பக்கமாகச் சுற்றும். நூற்றியிருபது மீட்டர் வந்ததும் நீங்கள் கிளைடரைத் திருப்பிவிடுவீர்கள். பருந்து ஏலகிரிப் பக்கமாக மேலே போய்க்கொண்டே இருக்கும். போகட்டும். மணியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து வேறொருவர் அந்தப் பக்கத்தைத் தேடி வரக்கூடும்.